கண்டக்டரின் கால்கள்

அந்தக் காலத்து லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில் இரண்டு பேருக்கு வேலை. டிரைவர் ஷிப்ட் முடியும்வரை சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஆகிவிடும். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே புகை. மாரடைப்பு மட்டும் பாரபட்சம் காட்டியது. சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் உடல்நலக் குறிப்புகளை அலசிய மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் வயது கொஞ்சம் தள்ளித்தான் வந்தது, உயிரைப் பறிக்கும் வேகமும் குறைவாக இருந்தது.

டிரைவர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை மோரிஸே கேட்டுக்கொண்டார். பதில் தேடி அவர் போன இடம் சீருடைக் கணக்கு. ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்ததில், டிரைவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இடுப்பு சற்றுப் பெரிதுதான் என்று தெரிந்தது. தன் முடிவுக்கு இடைஞ்சலான அந்தத் தகவலையும் 1956-இல் அவர் மறைக்காமல் வெளியிட்டார். ஆனாலும் உடல்வாகு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியவில்லை. வீடு வீடாக நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களையும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த அஞ்சல்துறை எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தெரிந்தது. இன்று உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசும் எந்த மருத்துவரும் இந்தப் பஸ்ஸில் ஏறி வந்தவர்தான்.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் 'எக்சர்சைஸ்' செய்யவில்லை. டிராக் சூட் போடவில்லை, காலையில் அலாரம் வைத்து எழவில்லை. வேலை பார்த்தார்கள், அந்த வேலைக்குள் நடை இருந்தது. மேசைக்கு அடியில் போட்டு நடக்கும் சின்ன டிரெட்மில், அதாவது இப்போது பலரும் 'வாக்கிங் பேட்' என்று சொல்லும் கருவி, எதற்காக என்பது இங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். டிரைவர் சீட்டில் மாட்டிக்கொண்டவருக்குக் கண்டக்டரின் கால்களில் கொஞ்சத்தையாவது வாங்கித் தருவதுதான் அதன் வேலை. இதை ஜிம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

ஜிம்மில் நிற்கும் டிரெட்மில்லுக்கு ஆள் உயரக் கைப்பிடி, திரை, சரிவு எல்லாம் உண்டு. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். வாக்கிங் பேட் வெறும் பலகை போல இருக்கும். நீளம் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர். அகலம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ. பெய்ஜிங்கைச் சேர்ந்த கிங்ஸ்மித் நிறுவனம், நடுவில் இரண்டாக மடித்துச் சுவரோரம் நிறுத்தி வைக்கும் மாடலை 'வாக்கிங்பேட்' என்ற பெயரில் 2018-இல் கொண்டுவந்தது. ஜெராக்ஸ் போல அந்தப் பெயர் இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது ரயிலைப் பிடிக்கப் போகிறவரின் நடை. வேலை பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு அவ்வளவு வேகம்கூடத் தேவையில்லை. 2 கிலோமீட்டரில் தொடங்கி 3-ஐத் தாண்டாமல் இருந்தாலே போதும். கோயில் பிராகாரத்தில் பேசிக்கொண்டே சுற்றும் வேகம் அது.

மேசையையும் டிரெட்மில்லையும் சேர்த்து வைக்கும் யோசனைக்கு அறிவியல் மரியாதை வாங்கித் தந்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆய்வு செய்த ஜேம்ஸ் லெவைன். 1999-இல் அவர் குழு ஒரு விசித்திரமான சோதனை நடத்தியது. 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி அதிகமாகச் சாப்பாடு கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுதான் கூடுதல். ஆனால் ஒருவர் உடம்பில் அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்தது, உடற்பயிற்சி என்று யாருமே கணக்கில் சேர்க்காத அசைவுகள்: எழுவது, நிற்பது, அறைக்குள் உலாவுவது, உட்கார்ந்த இடத்திலேயே அசைந்துகொண்டிருப்பது. இவற்றைத் தம்மையறியாமல் கூட்டிக்கொண்டவர்களுக்குக் கொழுப்பு அதிகம் சேரவில்லை.

2007-இல் அதே குழு, பருமனான 15 பேரை மேசையோடு இணைந்த டிரெட்மில்லில் மணிக்கு 2 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் நடக்கவைத்து அளந்தது. உட்கார்ந்து வேலை பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 72 கலோரி செலவானது, நடந்தபடி பார்த்தால் 191. இப்படி நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் நடந்து, மற்ற எதையும் மாற்றாமல் இருந்தால் ஆண்டுக்கு 20 முதல் 30 கிலோ வரை குறையலாம் என்று காகிதத்தில் கணக்கு வந்தது. விளம்பரங்கள் இன்றுவரை தொங்கிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில்தான்.

நிஜ அலுவலகத்தில் என்ன ஆனது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. லெவைன் குழுவே 36 ஊழியர்களுக்கு நடைமேசை கொடுத்து ஓராண்டு கவனித்து, 2013-இல் முடிவைச் சொன்னது. அவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் குறைந்தது, அன்றாட நடமாட்டம் கூடியது. எடை சராசரியாகக் குறைந்தது 1.4 கிலோ. பருமனாக இருந்தவர்களுக்கு 2.3 கிலோ. அவ்வளவுதான். இதில் வியப்பில்லை. ஒரு மணி நேர நடையில் கூடுதலாகச் செலவாகும் 119 கலோரி, சட்னி சாம்பார் சேர்க்காமல் சுமார் இரண்டு இட்லி. நடந்த களைப்பில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் கணக்கு நேராகிவிடும். எடை குறைக்கவென்று இதை வாங்கியவர்தான் மூன்றாம் மாதம் அதன்மேல் துணி மடித்து வைக்கிறார். தராசு முள் நகராததால் வந்த விரக்தி அது. அவர் கால்கள் அதற்குள் வேறு நல்ல வேலை ஒன்றைச் செய்து முடித்திருக்கும், அது தராசில் தெரியாது.

அந்த வேலை நடப்பது ரத்தத்தில். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் இழுத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும்தான் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது அவை சும்மா கிடக்கின்றன. நடக்கத் தொடங்கியதும் சுருங்கி விரியும் தசை, இன்சுலின் தரும் உத்தரவுக்குக் காத்திராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயஸ் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் நடுவயதிலும் அதற்கு மேலும் இருந்த 11 பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்தே நிமிடம் மெதுவாக நடந்த நாளில், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் அளவு, நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததோடு ஒப்பிட்டால் 58 சதவீதம் குறைவாக இருந்தது. ரத்த அழுத்தமும் நான்கைந்து புள்ளி இறங்கியது. பதினொரு பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் சர்க்கரை மட்டுப்படும் என்பதை அதற்கு முன் வந்த பல ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அதற்கும் முன்பு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் எடுத்து 2014-இல் வெளியான கணக்கிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய உடலசைவு இல்லை என்று தெரிந்தது. பொழுதுபோக்காகக்கூட விளையாடவோ நடக்கவோ செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மூன்று வேளையும் அரிசியாக இருக்கும் தட்டும், எட்டு மணி நேர நாற்காலியும் சேர்ந்த இடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பத்துப் பதினைந்து நிமிட நடை விலைமதிப்பற்றது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்தில் மே மாதம் மதியம் ஒன்றரை மணிக்கு வெளியே போய் அதை நடக்க முடியாது. மேசையருகே பலகை இருந்தால் முடியும்.

பெண்கள் விஷயம் இன்னும் கூர்மையானது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, போதிய உடலியக்கம் இல்லாத இந்திய ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். காரணம் தேட ஆய்வகம் தேவையில்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை டிபன், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன். ஒன்பது மணிக்கு லாகின். வேலை முடிந்து எழும்போது இருட்டிவிடும். தெருவில் விளக்கு எரிந்தால் நாய், நாய் இல்லாவிட்டால் முறைத்துப் பார்க்கும் கண்கள், இரண்டும் இல்லாவிட்டால் நடைபாதையே இல்லை. ஐப்பசி வந்தால் மழை. 'வாக்கிங் போகலாமே' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தத் தெருவைப் பார்த்திருக்க மாட்டார்கள். சொந்தமாக ஒரு மணி நேரம் கிடைக்காத பெண்ணுக்கு, அம்மாவோடு போனில் பேசும் இருபது நிமிடமே நடையாக மாறுவது பெரிய காரியம். இந்தக் கருவிக்கு உண்மையான நியாயம் எங்கே என்று கேட்டால், முதலில் இங்கேதான்.

அதற்காக எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. மொட்டை மாடியும் அதிகாலையில் அரை மணி நேரமும் கைவசம் இருப்பவருக்குப் பத்துப் பதினைந்தாயிரம் செலவு வீண். நம்மூரில் எட்டுப் போட்டு நடக்க ஒரு சாக்பீஸ் போதும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது. வெயிலும் மரமும் எதிர்ப்படும் மனிதர்களும் வெளிநடையில்தான் உண்டு.

சரி, வாங்கியாயிற்று. முதல் நாள் எல்லோரும் செய்யும் தவறு, சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைப்பது. பலகைமேல் ஏறியதும் ஆள் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறார். மேசை தொடைக்கருகே போய்விடுகிறது, கழுத்து குனிந்து கொக்கியாகிறது. இரண்டு நாளில் தோள்பட்டை வலி, பழி நடைக்கு. சரியான உயரம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிறுத்தி வைத்த பெல்ட்டின்மேல் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, முழங்கையை எல் வடிவில் மடக்க வேண்டும். உள்ளங்கை இருக்கும் உயரமே கீபோர்டு இருக்க வேண்டிய உயரம். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு இது தரையிலிருந்து ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். சமையல் மேடைகூட அவ்வளவு உயரம் இருக்காது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்பில் இரண்டும் ஒன்றாக அமையாது. தனியாக ஒரு கீபோர்டு வாங்கி, லேப்டாப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றினால் தீர்ந்தது.

ஷூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பது நம் பழக்கம். ஓடும் பெல்ட்டில் வெறுங்கால் பாதம் சூடேறி உராய்ந்து கொப்பளிக்கும், குதிகாலுக்கும் தாங்கல் இராது. வெளியே போடாத ஒரு ஜோடியைப் பலகையருகிலேயே வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

முதல் வாரம் வேலையும் நடையும் ஒன்றோடொன்று மோதும். 2015-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 75 பேரை வைத்துப் பார்த்தபோது, நடந்தபடி டைப் செய்தவர்களின் வேகம் உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. கற்றுக்கொள்வதிலும் சிறிய சறுக்கல். ஆகவே எந்த வேலைக்கு நடை, எந்த வேலைக்கு நாற்காலி என்று பிரித்துக்கொள்வது நல்லது. நாற்பது பேர் இருக்கும் மீட்டிங்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது, மெயில் படிப்பது, போன் பேசுவது எல்லாம் நடைக்கு. வருமான வரிக் கணக்கு, கோடிங், மவுஸால் நுணுக்கமாகக் கோடு இழுக்கும் வேலை எல்லாம் நாற்காலிக்கு. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, பதினைந்து இருபது நிமிடமாகப் பிரித்து நாளில் நான்கு முறை நடப்பது உடம்புக்கும் நல்லது, மோட்டாருக்கும் நல்லது. நாள் முழுக்க நிற்பதும் தீர்வல்ல. ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றே கால் வீங்கிப்போகும் ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்த வேண்டியிருந்தது. உடம்பு கேட்பது இருப்பு மாறுவதைத்தான்.

திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பிறந்தது. 'மன்போ-கெய்' என்றால் பத்தாயிரம் அடி மானி. 2019-இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. நாளுக்கு 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

பலகையிலிருந்து இறங்கியதும் ஒரு கணம் தரை நழுவுவது போல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு நேரமும் கால் நடந்தது, கண்முன் இருந்த சுவர் நகரவில்லை. மூளை அதற்குப் பழகிவிட்டது, பழைய கணக்குக்குத் திரும்ப அதற்குச் சில நொடி வேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து, பெல்ட் முழுதாக நின்ற பிறகு இறங்க வேண்டும்.

டிரெட்மில் நம்மில் பலருக்கு அறிமுகமானது ஆஸ்பத்திரியில், டி.எம்.டி. டெஸ்ட்டில். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி நடக்கவைக்கும் அந்தச் சோதனையின் முறையை வகுத்தவர் சியாட்டில் இதயநோய் மருத்துவர் ராபர்ட் புரூஸ். அவர் முறையில் முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஏறத்தாழ நம் வாக்கிங் பேட் வேகம். ஆனால் அங்கே பலகை 10 சதவீதம் மேல்நோக்கிச் சரிந்திருக்கும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். இதயம் திணறுகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. சமதளத்தில் மெதுவாக நடப்பதற்கு அந்தப் பயம் தேவையில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருபவர், தலைசுற்றல் உள்ளவர், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், அண்மையில் மூட்டு அறுவை செய்தவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. பாதம் மரத்தவருக்குக் கைப்பிடி இல்லாத பலகை ஆபத்து. கால் விளிம்புக்குப் போவதே அவருக்குத் தெரியாது.

கருவியைப் பொறுத்தவரை கடையில் சொல்லும் குதிரைத்திறனைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். தாங்கும் எடை எவ்வளவு என்பது ஒன்று. 100 கிலோ என்று போட்டிருந்தால் 80 கிலோவுக்கு மேற்பட்டவர் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. ஏனெனில் மெதுவான வேகத்தில் கனத்தை இழுக்கும்போதுதான் மோட்டார் அதிகம் சூடாகிறது. இன்னொன்று பெல்ட்டின் அகலம். 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கண் திரையில் இருக்கும்போது கால் ஓரத்தை மிதிக்கும். மின்சாரம் பெரிய செலவில்லை. 300 வாட் இழுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது. அடுக்குமாடியில் கீழ்வீட்டாருக்குத் தொப் தொப்பென்று கேட்கும். அடியில் கனமான ரப்பர் மேட் போட்டு, இரவு பத்துக்குமேல் ஓட்டாமல் இருந்தால் உறவு கெடாது.

எண்ணெய் போடுவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெல்ட் அடியில் உள்ள பலகையோடு உரசிக்கொண்டே ஓடுகிறது. உலர்ந்துபோனால் கறகறவென்று சத்தம், கருகிய வாடை, கடைசியில் மோட்டார் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி உள்ளே தடவிப் பார்த்தால் தெரியும். விரலில் வழுவழுப்பு ஒட்டவில்லையென்றால் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கூடவே வந்த சிலிகோன் எண்ணெயைப் பலகையின்மேல் இரண்டு பக்கமும் கோடாக விட்டு, ஆள் ஏறாமல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் பரவிவிடும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் ஆயிலோ கூடவே கூடாது. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால், பின்முனையில் அந்தப் பக்கத்துத் திருகை ஆலன் சாவியால் கால் சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம், ட்ரெட் பிளஸ் என்ற தன் பெரிய டிரெட்மில்கள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. பெரியவர்கள், குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகள், பொருள்கள் எனப் பலவும் பின்பக்கமாகப் பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டதாக எழுபதுக்கும் மேற்பட்ட புகார்கள், ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் சாவு. சிறிய பலகையிலும் பின்முனையில்தான் பெல்ட் தரையை நோக்கித் திரும்பி உள்ளே போகிறது. தவழும் குழந்தையின் கை எட்டும் உயரமும் அதுவே. புடவைத் தலைப்பு, துப்பட்டா, நைட்டியின் அடிவிளிம்பு, சார்ஜர் ஒயர் எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. பலகைக்குப் பின்னால் ஆள் விழ இடம் விட்டுப் போட வேண்டும், சுவரை ஒட்டிப் போடக் கூடாது. நடந்து முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, ரிமோட்டையும் சேஃப்டி சாவி இருந்தால் அதையும் எடுத்து, பீரோ சாவி தொங்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும்.